கத்தியவார் குதிரையும் பன்னிரண்டு நிமிடங்களும்

என் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, டீ என்ன விலை, ஏற்றம் எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அளக்காத எதையும் நம்பாத புத்தி அங்கே ஒட்டிக்கொண்டது. இந்தப் பதிவிலும் நேரங்கள் நிறைய வரும். அவற்றில் ஒன்றை நான் தவறாக அளந்துவிட்டேன். எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தை மாதம் மூக்கண்டப்பள்ளியில் உடன் வேலை செய்பவரின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில் வந்தார். ஒரு பக்கம் பட்டாசு, மறுபக்கம் பேண்டு, நடுவில் ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பேருந்துகளின் ஹாரன். குதிரை அசையவில்லை. மாப்பிள்ளைதான் நடுங்கிக்கொண்டிருந்தார். அருகே போய்ப் பார்த்தபோது அதன் காதுகள் விசித்திரமாக இருந்தன. இரண்டு நுனிகளும் உள்பக்கமாக வளைந்து நடுவில் ஒன்றையொன்று தொட்டன. கயிற்றைப் பிடித்திருந்தவரிடம் என்ன ஜாதிக் குதிரை என்று கேட்டேன். "கத்தியவார், மேடம். நாளைக்குக் காலைல இவ பூ மூட்டை தூக்கணும். தளிப் பக்கம் வந்தா பாருங்க" என்றார். பெயர் முனிராஜ். நம்பரை வாங்கிக்கொண்டேன்.

போனது பிப்ரவரி மாதத்து இரண்டாவது ஞாயிறு. மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஓசூர் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 90 ரூபாய், பேரம் பேசிய பிறகு. காலை 6:05 தளி பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து என்பதால் ஆட்டோவில் விட்டதை அதில் பிடித்துவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 7:15க்குத் தளி. பிப்ரவரியிலும் பல் கிட்டும் குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள். அங்கிருந்து நாலு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். வழியெல்லாம் கோஸ், காலிஃபிளவர், பசுமைக்குடில் ரோஜா. ஆட்டோக்காரர் என்னிடம் தமிழிலும் முன்சீட்டுக்காரரிடம் கன்னடத்திலும் போனில் தெலுங்கிலும் பேசினார். மூன்றிலும் ஒரே ஆளைத்தான் திட்டினார் என்று நினைக்கிறேன்.

முனிராஜுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். வீட்டில் அவரும் மனைவி ரத்னம்மாவும் மட்டும்தான். மகளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். குதிரையின் பெயர் காவேரி. கர்நாடக எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு பெயர் வைக்கத் தைரியம் வேண்டும் என்றேன். "ரெண்டு பக்கமும் கேக்கட்டும்னுதான் மேடம் வெச்சேன்" என்று சிரித்தார்.

வேலை இதுதான். ஊருக்கு மேலே ஒரு சரிவு, அதன் உச்சியில் சாமந்தித் தோட்டங்கள். பாதை 1.2 கிலோமீட்டர், என் போன் கணக்கில். குட்டி யானை வண்டிகூட ஏறாத பாதை. காவேரி முப்பத்தைந்து கிலோ மூட்டைகள் இரண்டை முதுகின் இரு பக்கமும் சுமந்துகொண்டு கீழே தார்ச்சாலைக்கு இறங்குகிறாள். 8 மணியிலிருந்து 11:30 வரை ஆறு நடை. முகூர்த்த நாட்களில் மாலையில் கல்யாண ஊர்வலம். மற்ற ஞாயிறுகளில் பெங்களூருவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சவாரி. கோயில் விழாவுக்கு வண்டியும் இழுப்பாளாம். கம்பெனியில் இப்படி நாலு மெஷினை ஒரே ஆள் ஓட்டினால் நாங்கள் கைதட்டி ஒரு தட்டு கொடுத்து அனுப்புவோம்.

குதிரையோடு நடந்தபடி முனிராஜ் சொன்னவற்றையும் வீட்டுக்கு வந்து நான் சரிபார்த்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். இந்த இனத்தின் சொந்த ஊர் குஜராத்தின் கத்தியவார் தீபகற்பம். அங்கிருந்த நாட்டுக் குதிரைகளோடு கடல்வழியாக வந்த அரபுக் குதிரைகள் கலந்து உருவானது என்கிறார்கள். சிற்றரசர்கள் போருக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். வெயில், வறட்சி, அரைவயிற்றுத் தீவனம் எல்லாவற்றையும் தாங்கி நெடுந்தூரம் போவது இதன் பெருமை. உயரம் தோள்மட்டம் வரை ஏறக்குறைய நாலே முக்கால் அடி. அகன்ற நெற்றி, பெரிய கண்கள், சிறுத்த வாய், எந்தப் பக்கமும் திரும்பும் காதுகள். 'ரேவால்' என்று ஒரு வேக நடை உண்டு; அதில் போகும்போது முதுகில் இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாதாம். குஜராத்தில் காவல்துறையினர் இன்றும் இதில் ரோந்து போகிறார்கள். காவேரியை முனிராஜ் அந்தியூர் ஆடிச் சந்தையில் ஐந்து வருடம் முன்பு வாங்கினார். சந்தைக் கூட்டத்தில் அவளாகவே அவர் தோளில் முகவாயை வைத்தாள் என்று சொல்லும்போது, கல்யாணமான புதிதில் ரத்னம்மாவைப் பற்றிப் பேசியிருந்தால்கூட முகம் இப்படி இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

11:45க்குச் சாப்பாடு. களி உருண்டை, அவரைக்காய்ச் சாறு. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்று மாலை ஓசூரில் 6 மணிக்கு ஓர் ஊர்வலம். முனிராஜ் குளிக்கப் போனார். ரத்னம்மா ஜரிகைச் சேணத்தைத் துடைக்க உட்கார்ந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

நான் பிறந்தது மத்தூர் பக்கம். வீட்டில் எப்போதும் நாலு மாடு இருக்கும். கட்டியிருக்கும் ஜீவன் முன்னால் வெறுங்கையோடு நிற்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. காய் நறுக்கினால் தோல், அறுவடை முடிந்தால் தழை என்று எதுவும் மாட்டுக்குத்தான். முனிராஜ் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் காலிஃபிளவர் வெட்டி முடித்து இலையைக் குவித்திருந்தார்கள். காலையெல்லாம் உழைத்தவள் வேலி ஓரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 12:20க்கு இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன். மூன்று முறை. இலை கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஆசையாகத் தின்றாள். நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை இங்கே போடப்போவதில்லை.

1:30க்குக் காவேரியைப் பிக்கப் வண்டியில் ஏற்றினோம். ஓட்டுநர் சேகர் என்னையும் முன்னால் உட்காரச் சொன்னார்; பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம் என்று ஏறிக்கொண்டேன். முனிராஜ் பின்னால் குதிரையோடு நின்றார். 2:10க்குப் பலகையில் ஓர் உதை. பிறகு இன்னொன்று. சேகர் கண்ணாடியில் பார்த்து, "இவ இப்டிப் பண்ண மாட்டாளே" என்றார். 2:25க்கு முனிராஜ் கூரையைப் படபடவென்று தட்டினார்.

ஓசூருக்கு ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. ஒரு கம்பெனியின் நீண்ட மதில், எதிரே லாரிகளுக்கான எடைமேடை, அதன் பின்னால் வெற்று மைதானம். மண்மேடு ஒன்றில் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி அவளை இறக்கினார்கள். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தாள். முன்காலால் மண்ணைப் பறித்தாள். முழங்காலை மடக்கிப் படுக்கப் போனாள். முனிராஜ் கயிற்றை இழுத்து, "படுக்க விட்டா புரளுவா. புரண்டா கொடலு முறுக்கிக்கும். நடத்துங்கடா" என்று கத்தினார். அங்கே அப்போது இருந்தது சேகரும் நானும் மட்டும்தான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெதுவெதுப்பான இலை கைக்குள் மறுபடி வந்தது.

முனிராஜின் போனில் சார்ஜ் இல்லை. 2:36க்கு என் போனிலிருந்து அவர் சொன்ன கால்நடை மருத்துவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. 2:48க்கு, "வீட்டுக்குப் போடுங்க மேடம்" என்று முனிராஜ் ஒரு நம்பர் சொன்னார். போட்டேன். அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்ததால் நான்தான் போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டேன்.

"பெளகெ ஏன் ஹாக்தே?" என்றார். காலையில் என்ன போட்டாய் என்று கேட்கிறார்.

ராகித் தட்டை, ஊறவைத்த கொள்ளு, எப்போதும் போடுவதுதான் என்று ரத்னம்மா சொல்வது எனக்கும் கேட்டது. கொள்ளு சரியாக ஊறியிருக்காது, உன் அவசரத்தால் என் குதிரை சாகப்போகிறது என்று முனிராஜ் கத்தினார். பாதி கன்னடம், பாதி தமிழ். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். "இல்ல, நல்லா ஊறிச்சு, நான் கையால நசுக்கிப் பாத்தேன்" என்று ரத்னம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். முனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். போனைப் பிடித்திருந்தது என் கை. திட்டு வாங்கியிருக்க வேண்டியதும் நான்தான்.

ஏன் சொல்லவில்லை? பயம். வெட்கம். ஒருவேளை கொள்ளாகவே இருக்கலாம் என்று ஒரு கேவலமான நம்பிக்கை. கம்பெனியில் ஒரு தவறான பாகம் தாண்டிப் போய்விட்டால் யார் விட்டது என்று வரிசையாக நிற்க வைத்துக் கேட்பவள் நான்.

இதற்குள் எடைமேடைக்காரர் ஓடிவந்தார். நல்ல மனிதர், வீட்டில் மாடு வைத்திருப்பவர். "வயிறு உப்பிக்கிச்சுண்ணா. எங்கூட்டு மாட்டுக்கு இதான் பண்ணுவோம், எண்ணெய ஊத்துனா காத்து எறங்கிடும்" என்று அரை லிட்டர் கடலை எண்ணெயும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயும் கொண்டுவந்தார். முனிராஜ் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவளுடைய தலையைத் தூக்கிப் பிடித்தார். குழாயின் நுனி வாயோரம் போய்விட்டது. 3 மணிக்கு என் போன் அடித்தது.

மருத்துவர். கெலமங்கலம் பக்கம் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தாராம். ஸ்பீக்கரில் போட்டேன். எண்ணெய் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, "வாயில ஒரு சொட்டு ஊத்தாதீங்க! அது மாடு இல்ல. பயத்துல தலைய ஆட்டுனா நுரையீரலுக்குப் போயிடும். குதிரைக்கு வாந்தியே வராது, தெரியும்ல? என்ன தின்னுச்சு, அதச் சொல்லுங்க" என்றார்.

"கொள்ளு சார். எம் பொண்டாட்டி சரியா ஊற வைக்கல" என்றார் முனிராஜ்.

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்ல சார். நான் காலிஃபிளவர் இலை போட்டேன். பன்னண்டு இருபதுக்கு."

"எவ்ளோ?"

"ரெண்டு கையால அள்ளி, மூணு தடவ."

"பச்சையா, குவிச்சு வெச்சதா?"

"குவிச்சது. உள்ள சூடா இருந்துச்சு."

"வாயு கட்டியிருக்கு. நடத்திக்கிட்டே இருங்க, ஆனா ஓட்டாதீங்க. தீனி, எண்ணெய் எதுவும் கூடாது. நான் வரேன்" என்று வைத்துவிட்டார்.

முனிராஜ் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பக்கம் போயி நில்லுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். போய் நின்றேன். எடைமேடைக்காரர் எண்ணெய் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ அவர்தான் தப்பு செய்தவர் போல.

மருத்துவர் வந்தது 3:45க்கு. காதை வயிற்றில் வைத்துக் கேட்டார், ஈறைப் பார்த்தார், ஊசி போட்டார். பிறகு மூக்கு வழியாக ஒரு நீளமான குழாயை வயிறு வரை இறக்கினார். அதன் முனையிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கே அழுகிய கோஸ் நாற்றம் அடித்தது. குழாய் வழியாகவே மருந்தை அனுப்பினார். "கொடலு முறுக்கலன்னு நினைக்கிறேன். சாணி போட்டா பொழச்சா. ராத்திரிக்குள்ள போடலேன்னா ஆபரேஷன், அதுக்கு பெங்களூரு போகணும், தாங்குவாளான்னு சொல்ல முடியாது" என்றார். இன்னொரு கேஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். 1,800 ரூபாய். அதை நான் கொடுத்தேன். முனிராஜ் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இரண்டுமே சரிதான்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சேகர் தன் போனிலிருந்து விஷயத்தைச் சொன்னார். பேசிய வார்த்தைகள் எனக்கும் கேட்டன, எழுத முடியாது. மாப்பிள்ளை காரில் போயிருப்பார்.

மைதானம் சுற்றி ஒரு சுற்று 210 அடி, என் காலடிக் கணக்கில். முனிராஜும் சேகரும் மாறி மாறி நடத்தினார்கள். எதிரே கம்பெனி வாசலில் ஷிப்டு மாறியது. பேருந்துகளில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் போன் நீட்டி வீடியோ எடுத்தார்கள். கல்யாணக் குதிரைக்கு ஒத்திகை என்று நினைத்திருப்பார்கள். நாலரை மணிக்கு அவள் ஒருமுறை சரிந்து படுத்தேவிட்டாள். மூன்று பேரும் தள்ளி எழுப்பினோம். அப்போது என் உள்ளங்கையில் அவளுடைய விலா துடித்தது இன்னும் இருக்கிறது. சாமி பெயர் எனக்கு லேசில் வாயில் வராது; அன்று வந்தது.

5:10க்கு முனிராஜின் வலது கால் மடங்கியது. சேகர் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். முனிராஜ் என்னைப் பார்த்தார். கயிற்றை நீட்டினார். "இழுக்காதீங்க. கூட நடங்க. பேசிக்கிட்டே நடங்க" என்றார்.

என்ன பேசுவது? காலைப் பேருந்திலிருந்து ஆரம்பித்து நடந்ததையெல்லாம் நேரத்தோடு சொல்லிக்கொண்டே நடந்தேன். கத்தியவார் காது எந்தப் பக்கமும் திரும்பும் என்று எழுதினேன் அல்லவா, ஒரு காது என் பக்கம் திரும்பியே இருந்தது. முப்பத்து நாலாவது சுற்றில் நின்றாள். வாலைத் தூக்கினாள். 6:20. என் செருப்பு, பாதம், புடவைக் கரை எல்லாம் போயிற்று. முனிராஜ் நொண்டிக்கொண்டே ஓடிவந்து அந்தச் சாணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். எடைமேடைக்காரர் விசில் அடித்தார். நானும் அழுதேன், எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன்.

மருத்துவர் திரும்பி வந்து பார்த்து, நாளை காலை வரை தீனி வேண்டாம் என்றார். வண்டி தளிக்குத் திரும்பியது. நான் ஒரு ஷேர் ஆட்டோவில் ஓசூர் வந்தேன், 30 ரூபாய். நாற்றத்துக்காக எல்லோரும் தள்ளி உட்கார்ந்ததில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: காலை 6:05 பேருந்தையே பிடியுங்கள், அடுத்ததில் போனால் பாதிப் பூ மூட்டை இறங்கி முடிந்துவிடும். மதியம் திரும்பத் தளியிலிருந்து அரைமணிக்கு ஒன்று உண்டு. சரிவில் பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். குதிரைக்குப் பக்கவாட்டில், அது பார்க்கும்படி நில்லுங்கள். கேட்காமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கு நல்லதில்லை. வறண்ட நாட்டின் அரைவயிற்றுத் தீவனத்தைத் தாங்கிய இனத்தை நம் ஊர் தாராளம் அரை நாளில் சாய்த்துவிடும் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

இந்தப் பதிவை முதலில் இங்கே முடித்திருந்தேன். முனிராஜ் ரத்னம்மாவைத் திட்டியது 2:48, நான் உண்மையைச் சொன்னது 3:00, ஆக நான் செய்த பாவம் பன்னிரண்டு நிமிடம் என்று கடைசி வரி எழுதியிருந்தேன். போடுவதற்கு முன்னால் நேரில் மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிறு அதே பேருந்தில் போனேன். காவேரி நன்றாக இருந்தாள். ரத்னம்மா வாசலில் கொள்ளு நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிடக் கணக்கோடு எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "ஒங்களுக்குத்தான் பன்னண்டு நிமிசம்" என்றார். "எனக்கு யாரு சொன்னாங்க? அவுரு எட்டுப் பத்துக்கு வண்டில வந்து எறங்குற வரைக்கும், நாந்தான் கொன்னுட்டேன்னு இங்கியே உக்காந்திருந்தேன். ஒங்க நம்பரு போன்ல இருந்துச்சு. கூப்புடலாம்னு எடுப்பேன். செத்துருச்சுன்னு சொல்லிருவீங்களோன்னு வெச்சுருவேன்."

அவருடைய நம்பரும் என் போனில் இருந்தது. நாள் முழுக்க அந்தப் போனில்தான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும், தோன்றவே இல்லை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஓர் அரிவாளைக் கொடுத்து வரப்பைக் காட்டினார். 9:40 முதல் 11:30 வரை புல் அறுத்தேன். ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு அவரே காவேரிக்குப் போட்டார், என்னைப் போட விடவில்லை. கடைசி வரியை அங்கேயே வரப்பில் உட்கார்ந்து திருத்தினேன்: 2:48 முதல் 8:10 வரை. ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம்.